பெட்டிக்கும் ஓர் ஆயுள் உண்டு

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம், அக்கராயன் பகுதிகளில் ஒதுங்கிய காலத்தை நாம் மறக்கவில்லை. கொட்டிலுக்குத் தடி, அடுப்புக்கு விறகு, பதுங்குகுழிக்கு மரக்குற்றி என எல்லாவற்றிற்கும் காட்டிடமே கைநீட்டினோம். உயிர் தப்ப வெட்டிய மரங்களுக்காக எம்மை எவரும் குறைகூற முடியாது. ஆனால் இன்று, ஒரேயொரு தடவை தக்காளி ஏற்றும் பெட்டிக்காக ஒரு மரம் விழுந்தால் அதற்கு என்ன நியாயம் சொல்வோம்?

மரக்கறியைச் சாக்கில் திணித்து லொறியில் அடுக்கினால் நட்டம் நமக்கே. இலங்கையில் மரக்கறி, பழவகைகளில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாக மதிப்பிடப்படுகிறது. நசிந்த தக்காளியோடு இறைத்த நீரும் இட்ட பசளையும் வீண்தான். ஆகவே பெட்டி வேண்டும். எந்தப் பெட்டி?

பிளாஸ்ரிக் பெட்டி மசகெண்ணெயிலிருந்து பிறப்பது, உக்காது. மரப்பெட்டி மண்ணுக்கே திரும்பும். அதற்காக மரமே சிறந்தது என்று முடிவுகட்டிவிடலாகாது. நமது தேயிலை நெடுங்காலம் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கப்பலேறியது. அத்தகைய ஒட்டுப்பலகை செய்யும் ஆலைக்காக 1970களின் தொடக்கத்திலிருந்து சிங்கராஜ வனத்தில் மரங்கள் தறிக்கப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. அந்த வனமே 1988 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

எனவே பெட்டியின் ஆயுள் முழுவதையும் பார்ப்போம். முதலாவது, எந்த மரம்? காட்டுப் பாலையும் முதிரையும் இதற்கு வேண்டாம். மலைவேம்பு போல விரைந்து வளரும் இலேசான மரங்களை நமது காணி எல்லையிலே நடலாம். பாரம் குறைந்தால் லொறிக்கு எரிபொருளும் மிச்சம். இரண்டாவது, எத்தனை பயணம்? பத்துத் தடவை போய்வரும் பெட்டிக்கு ஒவ்வொரு பயணத்திலும் மரச்செலவு பத்திலொன்றே. மூன்றாவது, இறுதியில் என்ன கதி? உடைந்த பெட்டியைத் திருத்தலாம்; நாற்றுத் தட்டாக்கலாம்; பிறகே விறகாக்கலாம். மை பூசிய, மருந்து ஊட்டிய பலகையை அடுப்பில் வைக்கலாகாது. அதன் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கேடு.

இவற்றில் கடினமானது இரண்டாவதே. சந்தைக்குப் போன பெட்டி திரும்பி வருவதில்லை. தனியொரு விவசாயி கேட்டால் வியாபாரி காது கொடுக்கமாட்டார். கமக்கார அமைப்பாக ஒன்றுகூடிப் பெட்டிகளை வாங்கி, அடையாளமிட்டு, முற்பணம் பெற்றுக்கொண்டு கொடுத்தால், வெறும் பெட்டி திரும்பி வரும்.

அன்று காடு எம்மைக் காத்தது. இன்று பெட்டியைத் திருப்பிக் கேட்பது அந்தக் காட்டைக் காக்கும் வழிகளில் ஒன்று. அடுத்த அமைப்புக் கூட்டத்திலேயே இதைப் பேசுவோம்.