இரண்டாவது வாரத்துக்காகக் காத்திருப்பவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. நினைத்த நேரத்தில் உலையை அணைக்க முடியாத இரும்பு ஆலைகளில் வார ஓய்வு சுழற்சியில்தான் வரும். கணவருக்குச் செவ்வாய், வேறு கம்பெனிக்குப் போகும் மனைவிக்கு ஞாயிறு, பிள்ளைகளுக்குச் சனியும் ஞாயிறும். குடும்பம் முழுக்க ஒரே நாளில் வீட்டில் இருக்க வேண்டுமானால், அது பெரும்பாலும் சட்டம் கொடுத்த நாளாகத்தான் இருக்கும். தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு ஐந்து பண்டிகை நாள்களையும் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒன்பது நாள். அன்றைக்கும் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. கடன் இருக்கிறவர் இரட்டைச் சம்பளத்தைத்தான் எடுத்துக்கொள்வார்.

தமிழ் சினிமா கண் வைப்பதும் இதே நாள்களில்தான். 2024 தீபாவளிக்கு ‘அமரன்’, 2025 மே தினத்துக்கு ‘ரெட்ரோ’வும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும், சுதந்திர தினத்தை ஒட்டி ‘கூலி’. ‘அமரன்’ வந்த தீபாவளி வியாழக்கிழமை. மறுநாள் நவம்பர் 1-ஐயும் அரசு விடுமுறை ஆக்கியது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் நான்கு நாள் சேர்ந்து கிடைத்தது. அந்த ஆணை தனியார் ஆலைகளைக் கட்டுப்படுத்தாது. பள்ளிக்குப் போகாத பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அப்பா ஷிப்டுக்குப் போனார்.

சிப்காட் டீக்கடையில் காலை ஷிப்ட் மாறும்போது காதில் விழுகிற விமர்சனம் ஒரே வரிதான். “படம் எப்படிண்ணா?” “ஒரு தபா பாக்கலாம்டா.” இதை மேம்போக்கான பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. கிடைக்கிற அரை நாள் ஓய்வு, நான்கு டிக்கெட் காசு, போய்வர ரயில், மறுநாள் ஷிப்ட், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த தீர்ப்பு அது. “ஒரு தபா” என்றால் உன் ஓய்வு நாளை இதற்குக் கொடுக்கலாம் என்று அர்த்தம். “ஃபேமிலியோட போலாம்” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்டே கிடையாது.

அந்த வார்த்தையைத்தான் ‘கூலி’க்குச் சொல்ல முடியாமல் போனது. 2025 ஆகஸ்ட் 14-ஆம் தேதி வெளியான அந்தப் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் மாறவில்லை. தொழிலாளியின் பெயரைத் தலைப்பில் வைத்த படம், ரஜினி நடித்த படம், வெள்ளி சனி ஞாயிறு என்று சேர்ந்து வந்த விடுமுறையில் வெளியான படம். ஆனாலும் தொழிலாளி தன் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடியவில்லை. தணிக்கைக் குழு மேல் எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை ரத்தத்தையும் பிள்ளைகள் பார்க்க வேண்டியதில்லை. துறைமுகக் கூலிகளின் கதை என்று தொடங்கிவிட்டு, அவர்களைப் பிணங்களாகவும் கூட்டமாகவும் மட்டுமே காட்டியதில்தான் வருத்தம். அவர்களின் சம்பளம், வீடு, சங்கம் ஆகியவற்றில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அத்தனை வெட்டுக்குத்து தேவைப்பட்டிருக்காது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இதற்கு நேர் எதிர். அபிஷன் ஜீவிந்தின் முதல் படம், சசிகுமார், சிம்ரன். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் குடியேறும் ஒரு குடும்பம், தங்கள் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து பயந்து வாழ்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். பெயிண்டிங் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிற குடும்பங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள். படம் இவர்களின் பயத்தை அன்போடு தொடுகிறது. ஆனால் சட்டத்தின் கடுமையை அண்டை வீட்டாரின் நல்ல மனசே கரைத்துவிடும் என்று நம்பச் சொல்கிறது. பதிவேடு, அனுமதி, விசாரணை என்று வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அந்த முடிவு மிக எளிதாகத் தோன்றியிருக்கும். இருந்தாலும் ஒரு வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, திரும்பி வரும் ரயிலில் பேசிக்கொண்டே வரக்கூடிய படம். அந்த ஒரு குணத்துக்காகவே இதைக் கொண்டாடுவேன்.

அந்தப் படம் பிழைத்ததில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்தும், பார்த்தவர் சொல்லிச் சொல்லி, அது வாரக்கணக்கில் திரையில் நின்றது. செவ்வாய்க்கிழமை ஓய்வுக்காரருக்கும் அதனால்தான் முறை வந்தது. பெரும்பாலான சின்னப் படங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. முதல் மூன்று நாள் வசூலை வைத்தே காட்சிகளை வெட்டிவிடுகிறார்கள். ஷிப்டில் இருப்பவர் தலை நிமிரும்போது படம் தியேட்டரில் இருப்பதில்லை. பல தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், அவர் அதைச் சாப்பாட்டு இடைவேளையில் துண்டு துண்டாகப் போனில் பார்க்கிறார். சொந்த வீட்டுக் கனவைப் பேசிய ‘3 பிஎச்கே’ போன்ற படம் இங்கே நின்று ஓடியிருக்க வேண்டியது. வீடு அமைய வேண்டும் என்று செவ்வாய்தோறும் சிறுவாபுரி முருகன் கோயிலில் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் சிப்காட் குடும்பங்கள் எத்தனையோ.

வசதி உள்ளவர் படம் பார்க்க ஆந்திர எல்லை தாண்டுகிறார். ஆரம்பாக்கம், தடா தாண்டி ரயிலில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் சூளூர்பேட்டை. 2019-இல் ‘சாஹோ’ படத்தோடு திறந்த, நூறு அடி அகலத் திரை கொண்ட வி எபிக் தியேட்டர் அங்கேதான். பைக் வைத்திருக்கிற இளைஞருக்கு அது சரி. கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு ஆகாது.

சிறப்புக் காட்சி என்றாலே நம் பேச்சு விடியற்காலை ரசிகரைச் சுற்றியே நடக்கிறது. 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியான அதிகாலையில் ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பின் அதிகாலைக் காட்சிகள் நின்றன. அது சரியான முடிவு. ஆனால் கூடுதல் காட்சிக்கு அனுமதி கேட்கப்படுவது இன்றும் முதல் நாள்களுக்காகத்தான், அதுவும் காலை 9 மணிக்கு. நைட் ஷிப்ட் முடித்தவர் அப்போதுதான் படுக்கையில் சாய்கிறார். தொழிற்பேட்டை ஊர்களில் அந்தக் கூடுதல் காட்சியை இரண்டாவது வாரத்துக்கும் மதியத்துக்கும் நகர்த்தினால் என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துத் தியேட்டர்காரர்கள் அந்தச் சலுகையை வார நாள் மதியக் காட்சியின் டிக்கெட் விலையில் காட்டலாம். விநியோகஸ்தர்களும் இந்தப் பகுதிக்காவது வெள்ளிக்கிழமைக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு படத்தைப் பதினைந்து நாள் விட்டுப்பார்க்கலாம். ஷிப்ட் சுழற்சியில் எல்லோருக்கும் ஓய்வு நாள் வந்துபோக அந்தப் பதினைந்து நாள் போதும்.