மதராசின் பெயர் தாங்கிய குளவி

கும்மிடிப்பூண்டி சிப்காட் கொட்டகைகளின் தகரக் கூரைக்கு அடியிலும் திருவள்ளூர் வீடுகளின் சன்னல் மூலையிலும் ஒட்டியிருக்கும் மண்கட்டி, பெரும்பாலும் ஒரே ஒரு பெண் குளவி தனியாகக் கட்டியது. டேனிஷ் பூச்சியியலாளர் பாப்ரிசியஸ் 1781இல் இதற்கு இட்ட பெயரிலேயே மதராசப்பட்டினம் இருக்கிறது. ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்பது இன்றைய அறிவியல் பெயர். இதன் நெருங்கிய உறவினம் ஒன்றுக்குச் சோழமண்டலக் கரையின் பெயர்.

கடந்தைக்கு உள்ளதுபோல ராணியும் வேலைக்காரக் கூட்டமும் இதற்குக் கிடையாது. காக்க ஒரு கூட்டம் இல்லாததால் கூட்டருகே வருபவரைத் துரத்திக் கொட்டுவதும் இல்லை. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோதான் கொட்டும். தீப்பந்தம் கொண்டு கூட்டை எரிப்பது தேவையற்ற கொடுமை.

ஏரிக்கரை, குழாயடி, சூளைக்கு மண் குழைக்கும் இடம் என ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே பெண் குளவி வந்து இறங்கும். தாடையால் சேற்றை உருட்டி எடுத்துப் பறக்கும். சுவரில் அதை அப்பும்போது எழும் ரீங்காரம் வெறும் ஓசையன்று. அந்த அதிர்வில் சேறு இளகிச் சீராகப் பரவுகிறது. இப்படிப் பல நடை நடந்து விரல் பருமனில் ஓர் அறை முடியும்.

அடுத்தது வேட்டை. இதன் இரை சிலந்தி மட்டுமே. செடிகளிலும் வலைகளிலும் தேடிப் பிடித்து, அடிப்புறத்தில் நரம்பு முடிச்சுள்ள பகுதியில் கொட்டுகிறது. சிலந்தி சாவதில்லை, அசைவற்றுப் போகிறது. செத்த இரை இந்த ஊர் வெயிலில் விரைவில் அழுகிவிடும். மரத்துப்போன இரையோ நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். அறை நிறையச் சிலந்திகளை அடுக்கி, அவற்றில் ஒன்றின் வயிற்றில் ஒரே ஒரு முட்டையை ஒட்டி, வாயை மண்ணால் பூசி மூடிவிடும். பக்கத்திலேயே அடுத்த அறை தொடங்கும். எல்லாம் முடிந்தபின் மேலே இன்னொரு மண்பூச்சு ஏறும். உள்ளே புழு சிலந்திகளைத் தின்று தீர்த்து, கூடு நூற்று, குளவியாகி, மண்ணைக் கடித்துத் துளைத்து வெளியே வரும். தாய் அதைப் பார்ப்பதே இல்லை.

சின்னஞ்சிறு மண்பானை வடிவில் கூடு கட்டும் குளவிகள் வேறு. அவை முதலில் முட்டையை ஒரு நூலில் கூரையிலிருந்து தொங்கவிட்டு, பிறகே பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து நிரப்புகின்றன. கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்ற பழைய நம்பிக்கை இங்கிருந்து பிறந்திருக்க வேண்டும். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் முன்னோர் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தப்பியது அந்த முட்டை மட்டும்தான்.

கரப்பானை வேட்டையாடும் பச்சை மின்னல் நிறக் குளவியின் செயல் இன்னும் வியப்பானது. முதல் கொட்டு நெஞ்சில். முன்கால்கள் சிறிது நேரம் செயலிழக்கும். இரண்டாவது கொட்டு தலையில், மூளைக்குள். அதன்பின் கரப்பான் நடக்கும், ஆனால் தானாக நடக்கத் தொடங்காது. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோல உணர்கொம்பைப் பிடித்துக் குளவி அதை வளைக்குள் இழுத்துச் செல்லும். முட்டை கரப்பானின் காலில் இடப்படுகிறது.

வேடருக்கும் பகை உண்டு. நீலப்பச்சையாக மின்னும் குயில் குளவி மண்கூட்டில் தன் முட்டையைத் திணித்துவிடும். வளர்வது அதன் பிள்ளை. காலியான கூடுகளில் வேறு தனிக் குளவிகள் குடியேறுகின்றன.

குழாய்த் துளைகளும் இவற்றுக்கு அறைதான். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு கடலில் விழுந்த விமானத்தின் வேகமானிக் குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் ஐயம். ஆலைகளில் ஓய்வாகக் கிடக்கும் அளவிக் குழாய்களின் வாயைத் துணியோ மூடியோ கொண்டு அடைத்து வைத்தால் குளவி வேறு மூலை தேடிக்கொள்ளும்.