எட்டாவது செமஸ்டர் வரை எவ்வளவு?

ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, பத்மாராவ் நகரில் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "டீச்சர், ஒரு நிமிஷம்." கீழ் வீட்டுக்காரர். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே வழவழப்பான தாளில் ஒரு கடிதம். வெளி மாநிலத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று அவர் மகளுக்கு 50 சதவீத மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதாக எழுதியிருந்தது. ஐந்து நாளுக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

"பாதிப் பணம் மிச்சம் டீச்சர். இதை விடலாமா?"

ராத்திரி எட்டு மணிக்கு மகளோடு வரச் சொன்னேன். சிக்கந்தராபாத் பள்ளியொன்றில் முப்பது வருஷம் கணக்கு நடத்தியவள் நான். ஜூன், ஜூலை வந்தால் இப்படி யாராவது வந்து உட்காருவது வழக்கம்.

அந்தப் பெண் இன்டர் (இங்கத்து பிளஸ் டூ) கெமிஸ்ட்ரி நோட்டைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள். டியூஷன் ஃபீ ஆண்டுக்கு 4 லட்சம். பாதி போனால் 2 லட்சம். நான்கு ஆண்டுக்கு 8 லட்சம். ஹாஸ்டலும் மெஸ்ஸும் ஆண்டுக்கு 1.6 லட்சம்; அதற்குச் சலுகை கிடையாது. ஆக 14.4 லட்சம். கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒவ்வோர் ஆண்டும் சிஜிபிஏ 8.5க்குக் குறையக் கூடாது, ஒரு பேப்பரும் பேக்லாக் இருக்கக் கூடாது. முதல் ஆண்டோடு சலுகை நின்றுபோனால் எவ்வளவு என்று போடச் சொன்னேன். 20.4 லட்சம் வந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

அவள் படிக்க மாட்டாள் என்ற சந்தேகத்தில் அந்தக் கணக்கைப் போடச் சொல்லவில்லை. மெரிட் சலுகை பெற்றவர்களே நிறைந்த வகுப்பில் எல்லோரும் பள்ளியில் முதல் வரிசைப் பிள்ளைகள்தான். வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு போடும் இடத்தில் அவர்களில் பலர் கீழே வந்தே ஆக வேண்டும். 95 மார்க் வாங்கிப் பழகிய பிள்ளை, வீட்டை விட்டுப் போன முதல் செமஸ்டரில் கொஞ்சம் தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்துக்கு ஆறு லட்சம் அபராதம் என்றால், அது பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கும் சுமை. ஹைதராபாத்திலேயே ஷாமீர்பேட்டை பக்கம் இருக்கும் பிட்ஸ் பிலானி வளாகமும் மெரிட் சலுகையை செமஸ்டருக்கு செமஸ்டர் சிஜிபிஏ பார்த்துத்தான் தருகிறது. அதை வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறது. அங்கே டியூஷன் மட்டும் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டும். நல்ல இடம்தான், சலுகை இல்லாமலே கட்ட முடிகிறவர்கள் தைரியமாகச் சேரலாம்.

சில இடங்களில் சலுகை யாருக்கு என்பது தெளிவாகவே இருக்கிறது. வேலூர் விஐடியில் நுழைவுத் தேர்வில் முதல் 50 ராங்குக்கு டியூஷனில் 75 சதவீதம், 100 வரை 50 சதவீதம், 500 வரை 25 சதவீதம் தள்ளுபடி. போர்டு தேர்வில் மாநில முதலிடம் பெற்றவருக்கு முழுத் தள்ளுபடி. லட்சத்துக்கு மேல் எழுதும் தேர்வில் 500 பேர். மற்றவர்களுக்கும் ராங்கைப் பொறுத்துக் கட்டணப் பிரிவு மாறுகிறது; கடைசிப் பிரிவின் கட்டணம் முதல் பிரிவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளின் அப்பாக்கள் கட்டுவதில் அத்தனை வித்தியாசம்! ஸ்காலர்ஷிப் என்ற பெயர் இல்லாவிட்டாலும் ராங்க்தான் அங்கே பெரிய சலுகை.

தெலங்கானாவிலும் அப்படித்தான். தனியார் பொறியியல் கல்லூரிகளில் 70 சதவீத இடம் அரசு கவுன்சலிங் வழி நிரப்பும் கன்வீனர் கோட்டா, 30 சதவீதம் மேனேஜ்மென்ட். கன்வீனர் இடத்துக்கு என்ன கட்டணம் என்பதை அரசின் கட்டண ஒழுங்குமுறைக் குழு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முடிவு செய்கிறது. 2022ல் முடிவானபடி குறைந்தது 45,000. பெயர் பெற்ற கல்லூரிகளில் ஒன்றரை லட்சத்தை ஒட்டி. 2025-26க்கும் பழைய கட்டணமே தொடரட்டும் என்று அரசு சொல்லிவிட்டது. 1929ல் தொடங்கிய உஸ்மானியா பொறியியல் கல்லூரி போன்ற அரசு இடம் கிடைத்தால் இன்னும் குறைவு. மாநில நுழைவுத் தேர்வான எப்செட் ராங்கில் கன்வீனர் இடம் வாங்கும் பிள்ளைக்கு யாரும் வழவழப்பான தாளில் கடிதம் அனுப்புவதில்லை. அதனால் அது ஒரு சலுகை என்றே நம் வீடுகளில் தோன்றுவதில்லை.

அப்பாவுக்கு இன்னொரு ஆசை இருந்தது. அவர் துறையூர்க்காரர், மகள் திருச்சி என்ஐடியில் படிக்க வேண்டும். சொந்த மாநில ஒதுக்கீடு இருக்கிறதே என்றார். அந்த 50 சதவீத ஒதுக்கீடு, பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முடித்தார்களோ அந்த மாநிலத்துக்கு. ஹைதராபாத்தில் இன்டர் முடித்த பெண்ணுக்குச் சொந்த மாநிலக் கல்லூரி வாரங்கல். 1959ல் நேரு அடிக்கல் நாட்டிய கல்லூரி. திருச்சிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. என்ஐடியில் டியூஷன் ஆண்டுக்கு 1.25 லட்சம். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் அது முழுக்கத் தள்ளுபடி, 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆனால் இவர்கள் வருமானம் ஏழு லட்சம், ஜேஇஇ ராங்கும் எட்டவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தெலங்கானா கவுன்சலிங்கில் அது செல்லாது. எஸ்.சி., எஸ்.டி. விஷயத்திலேயே, மாநிலம் மாறிப் போனவர்களுக்குப் புது மாநிலத்தில் அந்தச் சலுகை தொடராது என்று 1990ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் இருந்த மாணவர் தெனாலியில் பிறந்து பம்பாய்க்குப் போனவர். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு மத்தியப் பட்டியல்படியான சான்றிதழ் தனி. அதை ஊரிலேயே முன்கூட்டி வாங்கி வையுங்கள். கவுன்சலிங் நாளன்று இது தெரியவந்து வாசலில் நின்று அழுத தகப்பனைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தலைமுறையாக இங்கே உழைத்து, வரி கட்டி, தெலுங்கில் பரீட்சை எழுதும் குடும்பத்துக்கு இது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

வேறு உதவிகளையும் தேடினோம். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கானது; ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு 8 லட்சம். விண்ணப்பிக்கச் சொன்னேன், ஆனால் பணம் வங்கிக் கணக்கில் விழும் வரை நோட்டில் அதைப் பூஜ்யம் என்றே எழுதச் சொன்னேன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரியாக இருந்தால் அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். 8 லட்சத்துக்குள் வருமானம் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. கடனை ஸ்காலர்ஷிப்போடு சேர்த்து 'உதவி' என்று ஒரே வரியில் எழுதினாள். பிரித்து எழுதச் சொன்னேன். இயற்பியலில் அவளுக்கு உண்மையான பிரியம் உண்டு என்பதால், போர்டில் முதல் ஒரு சதவீதத்தில் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 தரும் இன்ஸ்பயர் திட்டத்தையும், 1887ல் தொடங்கிய நிஜாம் கல்லூரியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், இன்ஜினியரிங்தான் என்றாள். சரி, அது அவள் முடிவு.

கடைசியாக அப்பாவைக் கேட்டேன். "உங்களால் எவ்வளவு முடியும்?"

மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பிக்சட் டெபாசிட் 5 லட்சம். மாதம் 8,000 ஒதுக்கலாம். 48 மாதத்துக்கு 3.84 லட்சம். ஆக 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கு என்ன என்று அவளே கேட்டாள். அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா. அந்தக் காலேஜுக்கு அப்ளை பண்ற காசாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்று எழுந்து போனார். பிள்ளையிடம் பணத்தைப் பற்றிப் பேசினால் அது மனசொடிந்துபோகும் என்று பயப்படுகிறோம். நான் பார்த்த வரையில் பிள்ளைகள் ஒடிந்துபோவது மூன்றாம் செமஸ்டர் ஃபீ கட்ட அம்மாவின் வளையல் போகும்போதுதான்.

பிறகு கவுன்சலிங்கின் வெப் ஆப்ஷனில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரிகளை முதலில் வைத்தாள். ஆண்டுக்கு 1.35 லட்சம் கட்டணத்தில் கன்வீனர் இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுக்கு 5.4 லட்சம். பிரகதி வந்தாலும் வராவிட்டாலும் தம்பியின் பங்கு பத்திரமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கும் இந்த வாரம் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கலாம். முன்பணம் கட்டும் முன் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தச் சலுகை எட்டாவது செமஸ்டர் வரை உண்டா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும், நின்றால் திரும்பக் கிடைக்குமா, ஹாஸ்டலுக்குப் பொருந்துமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.