வேகம் குறைந்ததா, குறைத்தார்களா?

ஆறு வாரங்களில் ஐந்து புகார்கள். ஒக்கலிபுரத்தில் மூன்றாம் மாடி வாடகை வீடு, ஃபைபர் இணைப்பு, திட்டத்தின் பெயர் ‘100 எம்பிபிஎஸ் வரை’. சேவை மையத்தில் தமிழைத் தெரிவுசெய்து பேசியதால் கிடைத்த பதில்களும் தமிழிலேயே இருந்தன. ‘வேகம் குறைந்துள்ளது’, ‘கேபிள் அறுந்துள்ளது’, ‘நெரிசல் ஏற்பட்டுள்ளது’, ‘விரைவில் சரியாகிவிடும்’. மொழியியல் பயின்றவளுக்கு இதில் ஒன்று கண்ணில் படாமற் போகாது: செய்தவர் எவரும் இல்லை. கு. பரமசிவம் ‘இக்காலத் தமிழ் மரபு’ நூலில் இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்துக் காட்டியது நண்பர்களுக்கு நினைவிருக்கும். குறைந்தது, குறைத்தார், அறுந்தது, அறுத்தார். நம் மொழி இரண்டையும் வைத்திருக்கிறது. இணைய நிறுவனங்கள் முதலாவதை மட்டுமே அறிந்திருக்கின்றன.

ஆய்வறை நண்பர்கள் இதைவிட நயமாகப் பேசுகிறார்கள்: ‘அமைப்பு சிக்கலானது, எல்லோருக்கும் பங்குண்டு, ஒருவரைச் சுட்டுவது எளிமைப்படுத்தல்.’ இதை நான் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து இணையம்வரை உள்ள கண்ணிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு.

முதற் கண்ணி என் வீட்டு வைஃபை. அதன் குற்றத்தை மறைக்கப் போவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அண்டை வீடுகளின் ரௌட்டர்களோடு முட்டிமோதும். சுவரைத் தாண்டினால் மேலும் நலியும். ஆகவே வைஃபையை விலக்கி, மடிக்கணினியை லேன் கம்பியால் ரௌட்டரோடு நேரடியாக இணைத்து ஒரு வாரம் அளந்தேன். காலை 6 மணிக்கு 94. இரவு 9.30க்கு 11, 14, 9. ‘ரௌட்டரை மாற்றிப் பாருங்கள்’ என்று மூன்று முறை அறிவுறுத்தினார்கள். என் ரௌட்டருக்கு மணி பார்க்கத் தெரியாது.

அடுத்த கண்ணி மாநகராட்சி. மரக்கிளைகளிலும் மின்கம்பங்களிலும் தொங்கும் கேபிள்களை அவர்கள் அவ்வப்போது அறுத்தெறிவது பெங்களூரில் வாழும் எவரும் அறிந்ததே. வியப்பு என்னவென்றால், இந்த ஓரிடத்தில் மட்டும் நிறுவனங்களுக்கு இயக்குவினை வாய்த்துவிடுகிறது: ‘மாநகராட்சி அறுத்துவிட்டது.’ ஆனால் அறுந்த கண்ணாடி இழையில் வேகம் குறையாது, இணைப்பே இராது. இரவில் குறைந்து விடியலில் மீளும் வேகத்திற்குக் கத்தரிக்கோலைக் காரணம் காட்ட முடியாது. மாநகராட்சியின் குற்றம் வேறு. ரெசிடென்ஸி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்ற டெண்டர்ஷ்யூர் சாலைகளில் நிலத்தடிக் குழாய் அமைத்தவர்கள் எங்கள் தெருவை மரங்களிடம் விட்டுவிட்டார்கள். (ஒக்கலிபுரம் சந்திப்பின் சிக்னலற்ற சாலைக்கே பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்கள் நாங்கள், குழாய்க்கு அவசரப்படவில்லை.)

எஞ்சுவது நிறுவனம். ஜிபான் தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் பதிவிறக்கத் திறன் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. பகிர்தல் குற்றமன்று. எல்லோரும் ஒரே நொடியில் முழுத் திறனையும் கேட்பதில்லை. குற்றம் அதற்கு மேலே, தெருவின் இழைகளெல்லாம் சேருமிடத்திலிருந்து வெளியேறும் இணைப்பில் இருக்கிறது. அதை எவ்வளவு கொள்ளளவில் வாங்குவது என்பது வணிக முடிவு. பத்துப் பேருக்கு வாங்கி ஐம்பது பேருக்கு விற்பவருக்கு இரவு 9 மணி திடீர் நிகழ்வன்று; அவரே குறித்துவைத்த நேரம்.

இதற்கு உரிமம் தந்தவர்களையும் சொல்லவேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு 1:50 என்ற பகிர்வு விகிதத்தை 2009இல் வழிகாட்டுதலாகத் தந்தது டிராய். 100ஐ 50ஆல் வகுத்தால் 2. தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் உயர்த்தி அறிவித்த அகலப்பட்டையின் குறைந்தபட்ச வேகமும் 2 எம்பிபிஎஸ்தான். 2006இன் தர விதிமுறை, விற்ற வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கவேண்டும் என்றது. அதை அளவிட்டதோ நிறுவனத்தின் கணுவிலிருந்து வீடுவரை. கணுவுக்கு அப்பால் நெரிந்தாலும் அந்த வேகக் கணக்கில் வரவில்லை.

‘வரை’ என்ற இடைச்சொல்லும் இயற்கையாக முளைத்ததன்று. பிரிட்டனில் பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிட்டினால் போதும், ‘வரை’ என்று விளம்பரப்படுத்தலாம் என்ற நிலை இருந்தது. 2018 மே முதல், இரவு 8 முதல் 10 மணிக்குள் பாதிப் பேருக்காவது கிட்டும் வேகத்தையே விளம்பரத்தில் சொல்லலாம் என்று மாற்றினார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த ஆஃப்காம் நெறிமுறையை ஏற்ற நிறுவனங்கள், உறுதியளித்த வேகத்தை 30 நாட்களுக்குள் மீட்டுத் தராவிட்டால் வாடிக்கையாளரை அபராதமின்றி விடுவிக்கவேண்டும். அங்கும் அதே இழை, அதே பகிர்வு. விதி எழுதியவர்கள் வேறு.

சென்ற மாதம் என் ஆய்வு முன்னேற்ற அறிக்கையை இணையவழியில், இரவில் அளித்தேன். ஒலியியல் தரவு, ஒலிப்பதிவுகள் பாதியில் நின்று நின்று வந்தன. குழுவின் குறிப்பில் ‘விளக்கம் தெளிவில்லை’ என்றிருக்கிறது. அதன் எழுவாய் நான்தான்.

ஐந்து முறையும் வந்தவர் ஒரே இளைஞர், உள்ளூர்த் தமிழர். கடைசி முறை அளந்து பார்த்துவிட்டு, “மேலேருந்தே கம்மியாத்தான் வருது மேடம்” என்றார். மேலே யார் என்று கேட்டேன். சிரித்தார். புகார் முடியாவிட்டால் அவருடைய மதிப்பெண் குறையுமாம், ஓடிபி கேட்டார். கொடுத்துவிட்டேன். ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்ற செய்தி அவர் படியிறங்குமுன் வந்தது.

ஆறாவது புகாரை அளவீடுகளோடு அனுப்பவிருக்கிறேன். இந்நகரில் வசிக்கும் நண்பர்கள் வைஃபையை அணைத்து, லேன் கம்பி வழியாக, காலை 6க்கும் இரவு 9.30க்கும் ஏழு நாட்கள் அளந்து, தெருப் பெயரோடு எனக்கு அனுப்பிவையுங்கள். ரௌட்டரை மாற்றிய பின்னும் குறையாத எண்ணாக இருந்தால் அதையும் அனுப்புங்கள்.