பேச்சை எண்ணினால் போதுமா?

இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் வட்ட வடிவமானவை. சிலருக்கு மட்டும் அவை கதிர் அரிவாள்போல் வளைந்துவிடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி, ஓட்டத்தைத் தடுக்கின்றன. தாங்க முடியாத வலி! இதற்கு "அரிவாள் செல் சோகை" என்று பெயர். பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் நோய் இது. நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்திலும் அரிவாள் அணு உண்டு என்பதை 1952-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்நோய் பற்றிப் பல ஆராய்ச்சிகள் நடக்கின்றன. எந்த ஆராய்ச்சியைப் பற்றி இணையத்தில் அதிகப் பேச்சு என்று எண்ணி, மதிப்பெண் போடுகிறார்கள். லண்டனில் 2011-ல் தோன்றிய 'ஆல்ட்மெட்ரிக்' நிறுவனத்துக்கு இதுவே தொழில்.

பேச்சு பெருகினால் பயனும் பெருகுமா?

2023-ல் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. உலகமே பேசியது. பெரிய சாதனைதான். ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! ஏழைக்கு எட்டுமா?

இன்னொன்றைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்நோய் கண்ட 215 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1986-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குத் தினமும் இரண்டு வேளை பெனிசிலின் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! இரத்தத்தில் பரவும் கொடிய கிருமித் தொற்று அவர்களிடம் 84 சதவீதம் குறைந்தது. மலிவான மருந்து, அன்று இணையப் பேச்சும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

நிறைகுடம் தளும்பாது.

பேச்சை எண்ணுவதில் தவறில்லை. மக்கள் கவனம் எங்கே போகிறது என்று அது காட்டும். ஆனால் ஆராய்ச்சியின் மதிப்பை அது சொல்லாது. எத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள்? அதுவே சரியான கணக்கு!