இளஞ்சிவப்புக் காடும் ஒரு பெண்ணின் வசையும்

பிறருடைய துயரத்தை அழகாகப் படம் பிடிக்கக் கலைஞனுக்கு உரிமை உண்டா? அயர்லாந்தில் 1980ஆம் ஆண்டு பிறந்த றிச்சட் மொஸ் என்னும் நிழற்படக் கலைஞரின் பெயர் அடிபடும் இடமெல்லாம் இவ்வினாவும் உடன் எழுகின்றது. பத்திரிகைக்காரர் போல அன்றாடச் செய்தியின் பின்னே ஓடாது, ஒரே பொருளில் ஆண்டுக்கணக்காக உழைத்து, நிழற்படமும் சலனப்படமுமாக அதனைக் காட்சிக்கு வைப்பவர் அவர். அவருடைய மூன்று படைப்புக்களைப் பற்றி நமக்குத் தோன்றியதைச் சொல்ல விழைகின்றோம்.

முதலாவது கொங்கோ நாட்டைப் பற்றியது. கொடாக் நிறுவனத்தார் முன்னர் 'ஏரோகுரோம்' என்றொரு படச்சுருள் செய்து வந்தனர். மறைந்திருக்கும் பகைவரை ஆகாயத்திலிருந்து கண்டுபிடிக்கும் போர்த் தேவையிலே பிறந்தது அது. உயிருள்ள இலை, நம் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரை வெகுவாகத் தெறிக்கச் செய்யும். பச்சைச் சாயம் பூசிய கூடாரம் அவ்வாறு செய்யாது. ஆகவே இச்சுருளில் காடெல்லாம் இளஞ்சிவப்பாய் நிற்க, ஒளித்து வைத்த கூடாரம் வேறு நிறமாய்க் காட்டிக் கொடுக்கப்பட்டுவிடும். கொடாக் கைவிட்ட இந்தச் சுருளைத் தேடிப் பெற்று, ஆயுதக் குழுக்கள் பல மோதும் கிழக்குக் கொங்கோவின் கிவு மாகாணங்களுக்குக் கொண்டு சென்றார் மொஸ். 'தி என்கிளேவ்' என்னும் அச்சலனப்படம் 2013இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அயர்லாந்தின் சார்பில் ஆறு திரைகளிலே காட்டப்பட்டது. ஒரு திரையைப் பார்ப்பவர்க்கு இன்னொன்று முதுகுப்புறமாகிவிடும். முழுவதையும் ஒருங்கே கண்டோம் என எவரும் சொல்ல முடியாது.

பிணங்கள் விழுந்த மண்ணுக்கு இனிப்புப் பண்டத்தின் நிறமா என்று பலர் சினந்தனர். நாம் அச்சினத்தோடு உடன்படவில்லை. வழக்கமான போர்ப்படத்தைக் கண்டால் நாம் செய்வது யாது? பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த மலைச்சாரலின் நிறமோ கண்ணை நிறுத்துகின்றது, முதலில் மகிழ்கிறோம், பிறகுதான் அங்கே துப்பாக்கியோடு நிற்கும் இளைஞன் தென்படுகிறான். எதனைக் கண்டு மகிழ்ந்தோம் என்ற கூச்சம் அப்போது வருகின்றது. கறுப்பு வெள்ளைப் படம் எதுவும் அக்கூச்சத்தை நமக்குத் தந்ததில்லை.

இரண்டாவது படைப்பான 'இன்கமிங்' (2017) வேறு வகையானது. உடலின் வெப்பத்தைக் கொண்டு முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலும் மனிதனைக் கண்டறியும் இராணுவக் கமராவினால், ஐரோப்பாவை நாடி வந்த அகதிகளை மொஸ் படம் பிடித்தார். படகிலும் முகாமிலும் மனிதர்கள் வெள்ளையும் கருமையுமான உருவங்களாய், ஆவிகள் போல அசைகின்றனர். முகம் அடையாளம் தெரியாது. அது அவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்படுகின்றது. அதில் உண்மை உண்டு. ஆனால் எங்கோ தொலைவிலிருந்து ஒரு கண் தம்மைப் பார்க்கின்றதென்பதைப் பலர் அறிந்திருக்க வழியில்லையே! போரை வாழ்ந்து பார்த்த ஊர்களிலிருந்து வரும் நமக்கு, கமராவின் பின்னே நின்று மட்டும் இதனை யோசிக்க முடியவில்லை. எல்லைக்காவலனின் கருவியை எடுத்தவர் அவனுடைய தூரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார் என்பதே நம் குறை. எனினும், குளிரில் விறைத்தவரைத் தேய்த்துச் சூடேற்றும் கைகளின் தடம் சற்று நேரம் ஒளிர்ந்து மறையும் காட்சியைக் குறை கூற மனம் வரவில்லை.

மூன்றாவது, 2022இல் வெளிவந்த 'புரோக்கன் ஸ்பெக்டர்'. அமேசன் காடு அழிவதைப் பற்றிய எழுபது நிமிடத்துக்கும் மேற்பட்ட படம். மேலிருந்து பார்க்கையில், பல அலைநீளங்களைப் பதியும் கருவி. காட்டுத் தரையின் நுண்ணுயிர்களைக் காட்ட ஊதாகடந்த ஒளி. மனிதரைக் காட்டச் செங்கீழ்க் கதிர் பதியும் கறுப்பு வெள்ளைச் சுருள். இவற்றைப் பற்றி விமரிசகர்கள் நிறையவே எழுதிவிட்டனர்.

நம் நெஞ்சில் நின்றது வேறு. சட்டவிரோதமாகத் தங்கம் அகழ்பவர்களால் ஆறும் மண்ணும் நஞ்சான யானோமாமி மக்களிடையே ஒரு பெண் எழுந்து நின்று கமராவை நேரே பார்த்துப் பேசுகிறார். அரசைத் திட்டுகிறார், அதோடு விடவில்லை. படமெடுக்க வந்தவர்களையும் பிடித்துக்கொள்கிறார்: வந்தீர்கள், எடுக்கிறீர்கள், அதன்பின் எங்களுக்காக என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். வெட்டியெறிந்திருந்தால் நமக்குத் தெரியவா போகிறது? மொஸ் அதனை வெட்டவில்லை. நிறமும் கருவியும் ஒதுங்கிக்கொள்ள, வசை விழும் தூரத்தில் வந்து நிற்கிறார்.

இம்மூன்றில் ஒன்றையே நம் மாணவர்க்குத் திரையிட்டுக் காட்ட வாய்க்குமாயின், இதனையே காட்டவேண்டும் என்போம். அப்பெண்ணின் பேச்சுக்கு முன்னே நிறுத்தாமல்.