காயம் ஆறினால் போதுமா? வேலைக்குத் திரும்ப வேண்டாமா?

தன் கையே தனக்குதவி என்பார்கள். பால் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் இது வெறும் பழமொழி அல்ல. அந்தக் கைதான் மாதச் சம்பளம். கை முடங்கினால் சம்பளம் முடங்கும். தோட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்கோ, வேலை போனால் வீடும் போய்விடுமே என்ற பயம் வேறு. ஆகவே அடிபட்ட தொழிலாளியின் காயம் ஆறிவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்தக் கை மறுபடியும் கத்தியைப் பிடிக்குமா, அரிவாள் கட்டிய கம்பைத் தூக்குமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கென்றே அரசாங்கப் பெரியாஸ்பத்திரிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. பலகையில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் ஆக்குப்பேஷனல் தெரப்பி. தமிழில் செயல்வழிச் சிகிச்சை எனலாம். மலாய்ப் பெயரிலேயே வேலை இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் நம் தோட்டப்புறங்களில் இந்தப் பிரிவை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களிலும் பலர் அதைப் பீசியோ என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

பீசியோ வேறு, இது வேறு. பீசியோதெரப்பி மூட்டையும் தசையையும் அசைத்துப் பலப்படுத்தும். செயல்வழிச் சிகிச்சை, அந்தப் பலத்தைக் கொண்டு மனிதன் தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளப் பழக்கும். சோறு பிசைவது, பித்தான் போடுவது, குளிப்பது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, கடைசியில் தொழிலுக்குத் திரும்புவது எல்லாம் இதில் அடங்கும். பக்கவாதம் கண்டவர் சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியாக எடுக்க வேண்டும். இது சின்ன விஷயம்தான். ஆனால் இதைக் கற்றுக்கொண்டவர் சட்டை மாட்ட மனைவியையோ மகளையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

"அங்க போனா களிமண்ணு உருட்டச் சொல்றாங்க, கிளிப்பு மாட்டச் சொல்றாங்க. சின்னப்புள்ள விளையாட்டுக்கா ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டுப் போறது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்; பதிலும் சொல்ல வேண்டும். அரிவாளோ உளியோ பட்டு விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்லுவது இதைத்தான். டாக்டர் அதைத் தைத்துச் சேர்த்துவிடுவார். ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால், தைத்த நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். அவசரப்பட்டு வேலை செய்தால் தையலே அறுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, எந்த வாரத்தில் எவ்வளவு அசைக்கலாம் என்று அளந்து சொல்லுவதுதான் சிகிச்சையாளரின் வேலை. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டைக் கையின் வடிவத்துக்கே வளைத்து ஸ்பிளின்ட் செய்து கொடுப்பார். பொதுவாக 6 வாரம் வரை அது தேவைப்படும். கனமான வேலைக்குக் கை தாங்க ஏறக்குறைய 12 வாரம் ஆகும். களிமண்ணும் கிளிப்பும் அந்த வழியில் வருகிற படிகள். நடுவிலே நின்றுவிட்டால் டாக்டர் செய்த ஆபரேஷனும் வீணாகிவிடும்.

இனி, அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நோயாளிகள் அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் நம் தலைவிதியில் பாதி அவர் மேசையில்தான் இருக்கிறது. டாக்டர் அனுப்பும் நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரச் சொல்வது, ஸ்பிளின்ட் சாமான் போதுமான அளவு இருக்கிறதா, இளம் சிகிச்சையாளர்கள் சரியாகச் செய்கிறார்களா என்பதையெல்லாம் கவனிப்பவர் அவர். இந்தத் தொழில் இப்போது சட்டத்துக்கு உட்பட்டது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலை மாதம் அமலுக்கு வந்தது. அதன்படி இவர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும்.

பதிவும் படிப்பும் இருந்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. தலைமைச் சிகிச்சையாளர் ஒருமுறையாவது தோட்டத்துக்கு வந்து வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கார்டில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதியிருப்பதை வைத்து என்ன தெரியும்? விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடந்து, ஒரே மாதிரி மணிக்கட்டை வளைத்துப் பட்டை சீவுவது ஒரு வேலை. கழுத்தை அண்ணாந்து, நீளக் கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளால் மட்டையை இழுத்து அறுப்பது இன்னொரு வேலை. 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை கனக்கும் குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடுவது, குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவது, மருந்து டின்னை முதுகில் சுமப்பது எல்லாம் வேறு வேறு. ஒன்றுக்குத் தகுதியான கை இன்னொன்றுக்குத் தகுதியாகாது. இது தெரியாமல் 'இலேசான வேலை செய்யலாம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்த இலேசான வேலை எது என்று மண்டோர்தான் முடிவு செய்வார்.

"ஆள் பற்றாக்குறை. இருக்கிற நோயாளிகளைப் பார்க்கவே நேரமில்லை. தோட்டத்துக்கு எப்படி வருவது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்கலாம். அவர்கள் கஷ்டம் நமக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்காகவும் வரச் சொல்லவில்லை. ஒரு நாள் வந்து வேலைகளைப் பார்த்து, எந்த வேலைக்குக் கை எவ்வளவு மடங்க வேண்டும், எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பு அந்த வட்டாரத்திலிருந்து வரும் எல்லா நோயாளிகளுக்கும் பயன்படும். அதை ஏற்பாடு செய்யும் அதிகாரம் தலைமையில் இருப்பவருக்குத்தான் உண்டு.

இன்னும் இரண்டு காரியம் அவர் செய்யலாம். டாக்டர், பீசியோ, செயல்வழிச் சிகிச்சை மூன்றுக்கும் ஒரே நாளில் தவணை கொடுப்பது முதலாவது. டவுனுக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். குலைக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு மூன்று தவணை என்றால் மூன்று நாள் நஷ்டம். சிகிச்சையைப் பலர் பாதியில் விடுவது சோம்பலினால் அல்ல, இதனால்தான். இரண்டாவது, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைப் படம் போட்டு, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கொடுப்பது. தமிழ் மட்டும் போதாது. இன்று நம்மோடு பெரட்டில் நிற்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் உண்டு. 2019 ஜனவரி முதல் அவர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. கை எல்லோருக்கும் கைதான்.

சொக்சோ என்றதும் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். "கை நல்லாயிட்டா நஷ்டஈடு குறைஞ்சிடும், தெரப்பிக்குப் போகாதே" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஊனம் குறைந்தால் விழுக்காடும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கு மேற்படாத ஊனத்துக்கு மொத்தத் தொகையாக ஒரே தடவையில் பணத்தை வாங்கிக்கொள்ள இடமுண்டு. அந்தப் பணம் எத்தனை மாதம் வரும்? முப்பது வயதுக்காரருக்கு இன்னும் முப்பது வருஷம் அந்தக் கை உழைக்க வேண்டாமா? 1969ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டம் பணத்தோடு நிற்கவில்லை. புனர்வாழ்வு வசதியையும் சேர்த்தே சொல்கிறது. வேலைக்குத் திரும்பும் திட்டத்தைச் சொக்சோ 2007இல் தொடங்கியது. மலாக்காவில் புனர்வாழ்வு மையத்தை 2014இல் திறந்தது. இவையும் நம் சந்தாப் பணத்தில் நடப்பவை. உரிமையோடு கேளுங்கள்.

தோட்ட நிருவாகத்துக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அதோடு, சிகிச்சையாளர் 'இன்ன எடைக்கு மேல் தூக்கக் கூடாது, இன்ன காலம் வரை' என்று எழுதிக் கொடுத்தால், அதற்கு மதிப்புக் கொடுத்து வேலை மாற்றித் தர வேண்டும். மாற்று வேலையில் சம்பளம் பாதியாகக் குறைந்தால், எந்தத் தொழிலாளியும் ஆறாத கையோடு மறுபடி அரிவாளைத்தான் தூக்குவார். அந்தக் காலத்துக்குச் சம்பளம் என்ன என்பதைப் பேசித் தீர்ப்பது சங்கத்தின் பொறுப்பு. கிளைத் தலைவர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தந்த வட்டாரத்துப் பெரியாஸ்பத்திரியின் தலைமைச் சிகிச்சையாளரைத் தோட்டத்துக்கு அழைத்து வரவும் கடிதம் எழுத வேண்டும்.

தொழிலாளத் தோழர்களே, நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கைக்கோ முதுகுக்கோ அடிபட்டு ஆபரேஷன் ஆகியிருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது பக்கவாதம் கண்டிருந்தால், வீடு திரும்புமுன் டாக்டரிடம் "சாரா கெர்ஜாவுக்கு எழுதிக் கொடுங்க ஐயா" என்று கேளுங்கள். அங்கே போனதும் உங்கள் வேலை என்ன, எந்தக் கருவி, என்ன எடை, ஒரு நாளில் எத்தனை மரம் என்று விவரமாகச் சொல்லுங்கள். தவணையைத் தவறவிடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் போன் போட்டு வேறு நாள் கேளுங்கள். வீட்டுப் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். செய்கிறாரா என்று வீட்டிலுள்ளவர்கள் கவனியுங்கள்.

தோட்டத் தொழிலாளியின் கையால் இந்த நாட்டுக்குப் பாலும் எண்ணெயும் கிடைத்தன. அந்தக் கை முடங்கும்போது அதை மீட்டுக் கொடுக்கிற சிகிச்சையை நாம் கேட்டு வாங்க வேண்டும். அது பிச்சை அல்ல, நம் உரிமை.